உளுந்தோடு வந்தவர்கள்

பாலைத் தயிராக்க உறை ஊற்ற வேண்டும். வீட்டில் மோர் தீர்ந்துவிட்டால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். ரொட்டி சுடுகிறவர் கடையில் ஈஸ்ட் வாங்குகிறார். இட்லி மாவுக்கு மட்டும் யாரும் எதையும் வாங்கி ஊற்றுவதில்லை. அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். இரவில் பாதிப் பாத்திரம் இருந்த மாவு விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு சமையல் மேடையில் வழிந்திருக்கிறது. உறை ஊற்றியது யார்?

கைராசி என்று ஒரு பதில் உண்டு. "நீ கரைக்காதடி, உங்க அக்கா கரைக்கட்டும். அவ கை பட்டாத்தான் பொங்கும்" என்று சொல்லும் அத்தைகள் இன்னும் இருக்கிறார்கள். கையிலும் நுண்ணுயிர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிரைண்டரில் அரைத்து, கரண்டியால் கலக்கி, கையே படாமல் வைத்த மாவும் பொங்குகிறது. காற்றிலிருந்து வந்து விழுகிறது என்பது இன்னொரு பதில். இறுக மூடிய பாத்திரத்திலும் பொங்குகிறதே!

இந்தப் புதிரை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். முகர்ஜி, ஸ்டைன்க்ராஸ் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதிய கட்டுரை 1965இல் வெளிவந்தது. மாவு புளிக்கப் புளிக்க அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, அதில் என்னென்ன வளர்கின்றன என்று பார்த்தார்கள். முன்னணியில் இருந்தது லுகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது எங்கிருந்தும் வந்து விழவில்லை. தானியத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசியையும் உளுந்தையும் ஊறப்போடும்போதே அது விழித்துக்கொண்டு பெருகத் தொடங்குகிறது. நாம் உறை ஊற்றவில்லை என்று நினைக்கிறோம். உளுந்தைப் போட்டபோதே ஊற்றிவிட்டோம்.

லுகோநாஸ்டாக் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. ரொட்டியைப் பொங்கவைப்பது ஈஸ்ட், அதாவது ஒரு பூஞ்சை. லாக்டிக் பாக்டீரியா ஒன்று தனியாளாகவே மாவைப் பொங்கவைக்கிறது என்று அறிவியல் ஏடுகளில் முதன்முதலாகப் பதிவானது, தங்களுக்குத் தெரிந்தவரை, இட்லி மாவில்தான் என்று அந்த ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் சில மாவுகளில் ஈஸ்ட்டையும் கண்டார்கள். வீட்டுக்கு வீடு மாவு வேறு, அதில் வியப்பில்லை.

உளுந்துக்கு இதில் இன்னொரு வேலையும் உண்டு. அரிசி மாவை மட்டும் கரைத்து வைத்தால் வாயு வந்த வழியே போய்விடும். வெறும் தண்ணீரை அடித்தால் குமிழி நிற்பதில்லை, சோப்புத் தண்ணீரில் நிற்கிறது அல்லவா? உளுந்தின் வழவழப்பும் அதன் புரதமும் இங்கே சோப்பின் வேலையைச் செய்கின்றன. வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. உளுந்து பழசானால் இட்லி கல்லாகிறது என்று வீட்டில் புலம்புவது குமிழி நிற்காத கதைதான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்தது வேறு. மாவில் ஒரே உயிர் மட்டும் இல்லை, ஒரு வரிசை இருக்கிறது. தொடக்கத்தில் தானியத்தோடு பலதரப்பட்ட பாக்டீரியாக்கள் வருகின்றன. கெட்டுப்போக வைப்பவையும் அவற்றில் அடக்கம். லுகோநாஸ்டாக் வேகமாகப் பெருகி அமிலத்தைக் கொட்டியதும், புளிப்பைத் தாங்காதவை ஒடுங்குகின்றன. புளிப்பு ஏற ஏற, அதை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறு இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையெடுக்கின்றன. முதலில் வந்து பந்தல் போட்டவர் ஒருவர், அந்தப் பந்தலில் கடை விரிப்பவர் இன்னொருவர். நாலாம் நாள் மாவில் இட்லி வராது, ஊத்தப்பம்தான் என்று வீட்டில் முடிவெடுப்பது, மாவுக்குள் ஆட்சி மாறிவிட்டதை நாக்கால் கண்டுபிடித்துத்தான்.

இப்படி ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, ஒன்றையொன்று தாங்கியும் ஒன்றையொன்று தள்ளியும், தான் வாழும் இடத்தையே மாற்றிவிடும் நுண்ணுயிர்க் கூட்டத்தை மைக்ரோபயோம் என்கிறார்கள். நுண்ணுயிர்த் தொகுதி என்று தமிழில் எழுதுவதுண்டு. தொகுதி என்றதும் எனக்குச் சட்டமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. காரைக்குடி, மன்னார்குடி, பரமக்குடி என்று ஊர்ப்பெயர்களில் வரும் 'குடி' இதற்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. குடி என்றால் குடியிருப்பவர்கள், குடியிருக்கும் இடமும் அதுவே. இந்தக் கட்டுரையில் நுண்குடி என்றே எழுதுகிறேன். குடி என்பதற்கு வேறு பொருளும் உண்டே என்று சிரிப்பவர்களுக்கு: அந்தக் குடியும் நுண்ணுயிர் தயாரித்ததுதான்.

நுண்குடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு எப்படிக் குடிக்கணக்கு எடுப்பது?

முதலில் பார்த்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக். பார்க்க வைத்தது மிளகு. மிளகுக்கு ஏன் அந்தக் காரம்? அதன்மேல் நுண்ணிய முட்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக அந்த நீரைப் பார்த்தார். முள் எதுவும் அகப்படவில்லை, நெளியும் உயிர்கள் அகப்பட்டன. இது 1676இல். காரத்தைத் தேடிப் போய் பாக்டீரியாவைக் கண்டவர் அவர்.

பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் படுக்கையில் வளர்த்துப் பார்த்தார்கள். கோடையில் அது உருகியது. பல பாக்டீரியாக்கள் அதையே தின்று தண்ணீராக்கின. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய ஒரு பொருளை 1881இல் எடுத்துக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் அவர் தெரிந்துகொண்ட சமையல் இரகசியம் அது. அகர் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். நோன்பு மாதத்தில் நம் ஊர்க் கடைகளில் இழை இழையாகத் தொங்கும் கடல்பாசியும் அதுதான். இன்றுவரை உலகத்தின் பாக்டீரியாக்கள் கடல்பாசித் தட்டில்தான் வளர்க்கப்படுகின்றன. காக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. அந்தக் காலத்து அடுப்படி யோசனைகளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவே.

கடல்பாசித் தட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால் கூட்டம் கூட்டமாகத் தெரிகிறது. அதே மண்ணைக் கரைத்துத் தட்டில் ஊற்றினால் முளைப்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் மட்டும் பரிமாறி, வந்து உட்கார்ந்தவர்களை எண்ணி, 'ஊர் மக்கள் தொகை இவ்வளவு' என்று எழுதிக்கொள்வது போன்ற வேலை அது. சர்க்கரை வியாதிக்காரர் வரமாட்டார். வயலில் இருப்பவர் வரமாட்டார். கணவன் வந்தால்தான் வருவேன் என்று வாசலில் நிற்பவர் உள்ளே வரமாட்டார். நுண்ணுயிர்களில் இந்த மூன்றாம் வகையினர்தான் ஏராளம்: பக்கத்திலிருப்பது கழித்துப் போட்டதைத் தின்றே வாழ்பவை. தனியாகப் பிரித்தால் செத்துப்போகும்.

வளர்க்காமலே எண்ண வழி செய்தவர் அமெரிக்க உயிரியலாளர் கார்ல் வூஸ். எல்லா உயிரணுவுக்குள்ளும் ரைபோசோம் என்ற புரதப் பட்டறை இருக்கிறது. அது கோயில் தேர் மாதிரி. ஊர் எதுவானாலும் சக்கரமும் அச்சும் அடிக்கட்டும் ஒன்றுபோல இருக்கும், மேலே செதுக்கிய பலகைகள் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். ரைபோசோமிலும் மாறாத பகுதிகளுக்கு நடுவே மெதுவாக மாறும் பகுதிகள் உண்டு. அந்தச் சிற்பப் பலகையைப் படித்தால் இது எந்த ஊர்த் தேர், எந்த ஊர்த் தேருக்கு உறவு என்று சொல்லிவிடலாம். வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977இல் இப்படிப் படித்தபோது, பாக்டீரியா என்று நினைத்திருந்த ஒரு கூட்டம் பாக்டீரியாவே அல்ல, உயிர்க்குலத்தின் தனிக் கிளை என்பது வெளிப்பட்டது. ஆர்க்கியா என்று அதற்குப் பெயர். நெல் வயலில் அதை மறுபடியும் சந்திப்போம். நார்மன் பேஸ் என்பவர், எதையும் வளர்க்காமல் மண்ணிலிருந்தும் வெந்நீர் ஊற்றிலிருந்தும் நேரடியாக மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து இந்தப் பலகைகளைப் படிக்க வழிகாட்டினார். பந்தி தேவையில்லை, வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே யார் வந்திருக்கிறார் என்று சொல்லலாம் என்றாகிவிட்டது.

செருப்பு இருப்பதால் ஆள் உள்ளே என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடாது. செத்துப்போன பாக்டீரியாவின் மரபுப் பொருளும் இந்தக் கணக்கில் ஏறும். இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு குப்பியில் மலத்தை அனுப்பினால் வண்ண வண்ண வட்டங்களோடு அறிக்கை தரும் வியாபாரம் பெருகிவருவது. பெயர்ப் பட்டியல் உண்மையாக இருக்கலாம். 'ஆகவே நீங்கள் இதைச் சாப்பிடுங்கள்' என்ற கடைசிப் பக்கத்துக்குத்தான் ஆதாரம் போதாது.

உளுந்துக்கு வருவோம். காவிரிப் படுகையில் நெல் தரிசு உளுந்து என்று ஒன்று உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுவடை முடிந்த தாளுக்கு நடுவே, எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் உளுந்து வளர்ந்துவிடும். பூக்கும் தறுவாயில் ஒரு செடியைச் சுற்றி மண்ணை நெகிழ்த்தி, வேர் அறாமல் மெல்லப் பிடுங்கினால் வேரில் சிறு உருண்டைகள் தெரியும். வேர்முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

நடப்பது சாதாரண வேலையல்ல. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், ஆனால் செடியால் அதைத் தொடக்கூட முடியாது. இரண்டிரண்டு அணுக்களாக அவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறது. யூரியாவுக்காக அதைப் பிரிக்க நம் தொழிற்சாலைகளுக்குப் பொதுவாக 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல 150 மடங்குக்குக் குறையாத அழுத்தமும் வேண்டும். வேர்முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அதே வேலையைப் பனிக்கால வயலின் சூட்டில் செய்கின்றன.

அந்தச் சிவப்பு எதற்கு? நைட்ரஜனைப் பிரிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் விஷம், பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். செடி ஒரு ஏற்பாடு செய்கிறது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு சிவப்புப் புரதத்தைத் தயாரித்து, அதைக் கொண்டு ஆக்சிஜனை ரேஷன் கடை அளவில், தேவைக்கு மட்டும், முடிச்சுக்குள் விநியோகிக்கிறது. உளுந்துச் செடிக்கு இரத்தம் ஓடுகிறது என்று சொன்னால் மிகைதான், ஆனால் முழுப்பொய் இல்லை.

பயறு போட்ட நிலம் வளமாகும் என்பது ரோமானியருக்கும் தெரியும், நம் உழவருக்கும் தெரியும். காரணம் தெரிந்தது 1880களில். ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் மணலைச் சுட்டு உயிர்களை நீக்கிய தொட்டிகளில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் போட்ட உரத்துக்குத் தக்கபடி வளர்ந்தது. பட்டாணி, உரமில்லாத சுட்ட மணலில் வாடி நின்றது. அந்தத் தொட்டியில் வயல் மண்ணைக் கரைத்து வடித்த நீரைக் கொஞ்சம் விட்டதும், வேரில் முடிச்சு வந்து செழித்தது. அதே நீரைக் கொதிக்கவைத்து விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. தயிருக்கு உறை ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: உறை மோரைக் கொதிக்கவைத்துப் பாலில் ஊற்றினால் தயிராகுமா? 1888இல் பெயரிங்க் என்ற டச்சுக்காரர் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு பெரியவர், பொட்டலத்தில் வரும் ரைசோபியத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசிக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, கஞ்சி ஆறினாத்தான் கலக்கணும், நெழல்லதான் காயவைக்கணும்னு அடிச்சுச் சொல்றாங்களே, என்ன சூட்சுமம்?" என்றார். "சுடுபால்ல உறை ஊத்துவீங்களா பெரியப்பா?" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார்.

செடியும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது வாசனை போன்ற ஒரு வேதிப்பேச்சால். வேர் ஒரு பொருளைக் கசியவிடுகிறது. தனக்குரிய பாக்டீரியா அதை உணர்ந்து பதிலுக்கு ஒரு பொருளை அனுப்புகிறது. அது சரியான பதில் என்றால் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். உளுந்தின் சங்கேதம் வேறு, சோயாவின் சங்கேதம் வேறு. ஒன்றுக்கு வாங்கிய பொட்டலம் இன்னொன்றுக்கு உதவாமல் போவது இதனால்தான். வயலில் யூரியா தாராளமாக இருந்தால் செடி அழைப்பே விடுக்காது, முடிச்சு குறைந்துவிடும். மூன்று வேளையும் ஓட்டலில் கிடைத்தால் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்?

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேரில் இருக்கும் ரைசோபியம் இட்லி மாவுக்கு வருவதில்லை. மாவுக்கு வருவது விதையின் மேல் குடியிருப்பவை. ஒரே செடியில் வேருக்கு ஒரு குடி, இலைக்கு ஒரு குடி, விதைக்கு ஒரு குடி.

வயலை விட்டுப் போகுமுன் நெல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுண்குடி எப்போதும் நமக்கு நன்மையே செய்யும் என்ற பக்தி வந்துவிடக்கூடாது. தண்ணீர் கட்டி நிறுத்திய வயலில், சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அங்கேதான் முன்பு சொன்ன ஆர்க்கியாவில் ஒரு பிரிவு மக்கிய வைக்கோலின் மிச்சங்களை மீத்தேனாக மாற்றுகிறது. நெற்பயிரின் தண்டுக்குள் வேருக்குக் காற்றுப் போக ஒரு குழாய் அமைப்பு உண்டு. அந்தக் குழாய் வழியாகவே மீத்தேன் மேலே ஏறி வெளியேறுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சினால், அதாவது வயலில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சினால், சேற்றுக்குள் ஆக்சிஜன் புகுந்து இந்த ஆர்க்கியாவை அடக்கிவிடும். மீத்தேன் கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். ஆனால் காய்ந்து நனையும் மண்ணில் இன்னொரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வெப்ப வாயுவைக் கூடுதலாக வெளிவிடத் தொடங்கும். உரம் இடும் நாளையும் அளவையும் பார்த்துச் செய்யாவிட்டால் ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொள்ளும்.

இனி வயிறு. 'இட்லி ஒரு புரோபயாட்டிக்' என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வந்துவிடுகிறது. புரோபயாட்டிக் என்றால் உயிரோடு உள்ளே போய் நன்மை செய்யும் நுண்ணுயிர். இட்லிப் பானையில் ஆவி பட்டதும் மாவிலிருந்த பாக்டீரியாக்கள் மடிந்துவிடுகின்றன. நமக்குக் கிடைப்பது அவை உயிரோடிருந்தபோது செய்து வைத்த வேலை. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தை அவை குறைத்திருக்கும், செரிமானத்தை எளிதாக்கியிருக்கும். உயிரோடு உள்ளே போக வேண்டுமென்றால் மோரையும் பழைய சோற்றையும் பாருங்கள். அவற்றை யாரும் வேகவைப்பதில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு பெருங்குடி இருக்கிறது. நம் உயிரணுக்களைப்போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நம்மிடம் இருப்பதாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நானும் எழுதியிருக்கிறேன். 1970களின் தோராயக் கணக்கு ஒன்றை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்னதில் வந்த வினை அது. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள்: நம் உயிரணுக்கள் சுமார் 30 இலட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 இலட்சம் கோடி. ஏறக்குறைய சரிபாதி. பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம்தான், ஒரு டம்ளர் மாவு.

இந்தக் குடிக்கு முதல் சோறு தாய்ப்பாலிலேயே வருகிறது. தாய்ப்பாலின் திடப்பொருளில் லாக்டோசும் கொழுப்பும் போக மூன்றாவது இடத்தில் இருப்பது, குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சிக்கலான சர்க்கரைகள். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். குழந்தைக்கு உதவாததை உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்க வேண்டும்? அது குழந்தைக்கு அல்ல, குழந்தையின் குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியாவுக்கு. தாய் இரண்டு பேருக்குப் பால் கொடுக்கிறாள்.

வளர்ந்த பிறகு அந்த இடத்துக்குப் பயறு வருகிறது. உளுந்து, கொண்டைக்கடலை, மொச்சை எதைத் தின்றாலும் சிலருக்கு வயிறு உப்பி வாயு பிரிகிறதே, அதற்குக் காரணம் பயறுகளிலுள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள். அவற்றை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு அப்படியே போய்ச் சேருகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. சர்க்கரை உள்ளே, அமிலமும் வாயுவும் வெளியே. பாத்திரத்தில் நடந்த அதே கூத்து, மூடிதான் வேறு. அந்த அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முக்கிய உணவு. மற்ற உறுப்புகளுக்கு இரத்தம் சோறு கொண்டுவருகிறது, பெருங்குடல் சுவருக்குப் பெரும்பகுதிச் சோறு பாக்டீரியா போடுகிறது.

குடலின் குடியும் உடம்பின் நிலையும் வெறுமனே சேர்ந்து மாறுகின்றனவா, ஒன்றால் மற்றொன்று மாறுகிறதா? குண்டானவர் குடலில் ஒருவகைக் குடி, ஒல்லியானவர் குடலில் வேறுவகைக் குடி என்று கண்டால், குடியால் உடம்பு பெருத்ததா, உடம்பு பெருத்ததால் குடி மாறியதா? ஹெல்ரீகலின் சுட்ட மணல் இங்கேயும் வேண்டியிருக்கிறது. சுட்ட மணலுக்குப் பதில், பிறந்தது முதல் ஒரு பாக்டீரியாகூடப் படாமல் கூண்டுக்குள் வளர்க்கப்படும் எலிகள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கார்டனின் குழு 2004இல் அத்தகைய எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தது. இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. தின்றதோ முன்னைவிடக் குறைவு. குடி வந்ததும் அதே தீவனத்திலிருந்து கூடுதல் சத்து பிழிந்தெடுக்கப்பட்டது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கு நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எது காரணம், எது விளைவு என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உறைமோர்ச் சோதனை கிடையாது.

மனிதரிலேயே ஒரு நேரடிச் சான்று இருக்கிறது, சொல்லக் கூச்சமான சான்று. ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் குடல்குடி அழிந்தபின் சிலருக்கு கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா காலி மனையில் புகுந்துகொண்டு, விடாத வயிற்றுப்போக்கைத் தரும். அதற்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், நிறுத்தியதும் திரும்பிவரும். நெதர்லாந்தில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2013இல் வெளியானது. ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து, மூக்கு வழியே இறக்கிய குழாயால் குடலுக்குள் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணம், மறுபடி செலுத்தியதில் இன்னும் இருவருக்கு. வழக்கமான மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர் 4. வித்தியாசம் அவ்வளவு அப்பட்டமாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெற்றி இவ்வளவு தெளிவாக இருப்பது இந்த ஒரு நோயில்தான். இதைக் காட்டி மனச்சோர்வு முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் குடலைச் சரிசெய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை நம்ப நான் தயாராக இல்லை.

நம்பத் தோன்றுவது டாக்காவில் நடக்கும் வேலை. அங்குள்ள வயிற்றுப்போக்கு நோய்களுக்கான சர்வதேச ஆய்வு மையத்தைச் சேர்ந்த தஹ்மீத் அகமதுவும், செயின்ட் லூயிஸின் கார்டனும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கலோரி நிறைந்த சத்துணவு கொடுத்தால் எடை ஏறுகிறது, உயிர் பிழைக்கிறார்கள். ஆனால் முழுவளர்ச்சி திரும்புவதில்லை. ஏன்? இந்தக் குழந்தைகளின் குடல்குடி அவர்கள் வயதுக்கு ஏற்ற முதிர்ச்சியை அடையவில்லை என்று 2014இல் கண்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்குள் கைக்குழந்தையின் குடி. சத்துணவு கொடுத்தால் கொஞ்ச நாள் முதிர்கிறது, பிறகு பழைய நிலைக்கே போய்விடுகிறது.

அப்படியென்றால் குழந்தைக்கு மட்டும் சோறு போட்டால் போதாது, குடிக்கும் போட வேண்டும். முதிர்ந்த குடியில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்களுக்கு எது பிடிக்கும் என்று உள்ளூர் உணவுப் பொருட்களை ஒவ்வொன்றாக எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் சோதித்து ஒரு கலவையைத் தயாரித்தார்கள். டாக்காவின் மீர்பூர்ச் சேரியில் 12 முதல் 18 மாதக் குழந்தைகள் 118 பேர், பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு வழக்கமான சத்துணவு, மூன்று மாதம், நாளுக்கு இரண்டு வேளை. 2021இல் வந்த முடிவு: புதிய கலவையில் கலோரி குறைவு, ஆனால் அதைத் தின்ற குழந்தைகளின் எடை வளர்ச்சிதான் வேகம். வளர்ச்சியோடு சேர்ந்து பெருகும் 21 வகைப் பாக்டீரியாக்களும் அவர்களிடம் கூடியிருந்தன.

கலவையில் இருந்த முக்கியப் பொருட்கள் நான்கு. கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை மாவு, வாழைக்காய். முதல் மூன்று செடிகளையும் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.